ஹேண்டில்பாரில் ஏன் மஞ்சள் அட்டை தொங்குகிறது

ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னை டீக்கடையில் மடக்கிப் பிடித்தார். "அண்ணே, ஒவ்வொரு சைக்கிளுக்கும் இந்த மஞ்சக் கார்ட எழுதித் தொங்க விடுறதுக்குள்ள கை ஒடிஞ்சிரும் போல. என்ன வேலை பாத்தோம்னு வாட்ஸ்அப்ல போட்டு விட்டா போதாதா?" என்று கேட்டார். போதாது. ஏன் போதாது என்பது ஒரு கிளாஸ் டீக்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடையை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால் ஓய்வு கேட்டது, கொடுத்துவிட்டேன். வாய்க்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

எழுதப்போவதில் பாதி எல்லாருக்கும் தெரிந்தது. மீதிப் பாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏரியைச் சுற்றி அத்தனை சைக்கிள் கடை இருந்தும் என் கடைக்குத் தனிப் பெயர் இருந்தது. காரணம் பளபளப்பு. கொடைக்கானல் பனியில் ஒரு ராத்திரி வெளியே நிறுத்திய சைக்கிள் விடியும்போது பழுப்பு ஏறிப்போயிருக்கும். நான் காலையில் வெள்ளனே வந்து மண்ணெண்ணெயில் கொஞ்சம் மெஷின் ஆயிலைக் கலந்து, பனியன் வேஸ்ட் துணியை அதில் நனைத்து, ஒவ்வொரு சைக்கிளையும் துடைத்துவிடுவேன். ஹேண்டில்பார், கம்பி, பெடல், ஸ்போக்ஸ், சக்கரத்தின் நடுக்குடம் எல்லாம் மின்னும். செல்ஃபி எடுக்க வருகிற கூட்டம் வேறு எங்கே போகும்? நேராக என்னிடம்தான் வரும்.

ஒன்றே ஒன்றை மட்டும் துடைக்க மாட்டேன். ரிம். பிரேக் ரப்பர் வந்து பிடிக்கிற இடம் அது, அங்கே எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கிவிடும். இதைத் தெரியாதவன் மெக்கானிக்கே இல்லை. ஆகவே ரிம்மை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடைப்பது என்று கை பழகியிருந்தது. இருபத்தைந்து வருடப் பழக்கம். நான் யாரிடமாவது வாயடித்துக்கொண்டே இருப்பேன், கை தன் பாட்டுக்கு ரிம்மை விலக்கிவிட்டு மற்றதைத் துடைத்துக்கொண்டே போகும். இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏரியைச் சுற்றுவதோடு சைக்கிள் சவாரி முடிந்துவிட வேண்டுமா? மலைப்பாதையில் வத்தலக்குண்டு வரைக்கும் இறங்கிப் போக விரும்புகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக டிஸ்க் பிரேக் வைத்த கியர் சைக்கிள் நாலு வாங்கினேன். கீழே வத்தலக்குண்டில் எனக்குத் தெரிந்த ஒரு சைக்கிள் கடையில் அவர்கள் விட்டுவிடுவார்கள். பூண்டி கிராமத்திலிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற மினி லாரி ஒன்று காலியாகத் திரும்பி வரும்போது சைக்கிளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடும். ஏற்பாடு பிரமாதம் என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

இந்த ஏற்பாட்டில் நான் சேர்த்துக்கொள்ளாத ஒரே ஆள் பெருமாள்மலை பஞ்சர் கடைக்காரம்மா. ஊரிலிருந்து இறங்கினால் பெருமாள்மலையில், பெரிய இறக்கம் தொடங்குவதற்கு முன்னால், ரோட்டோரமாகவே அந்தக் கடை இருக்கிறது. லாரி, ஜீப், பைக், சைக்கிள் எது வந்தாலும் பார்ப்பார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எங்களுக்குள் ஒரு பழைய கணக்கு இருந்தது, என் தலைக்குள் மட்டும். ஒரு தடவை என் சைக்கிளை எவனோ அங்கே வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தம்மாவே அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, நாலு பேர் நிற்கும்போது சொன்னார்: "அண்ணே, மேல மினுமினுன்னுதான் இருக்கு. பெடல் கழண்டு விழுகுற மாதிரி கெடந்துச்சு. முறுக்கி விட்டுருக்கேன்." நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நான் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். அந்தக் கோபத்தில், மலை இறங்கிப் போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு வசனம் சொல்லி அனுப்புவேன்: "நான் ஃபுல் சர்வீஸ் பண்ணித்தான் குடுக்கிறேன். வழியில எந்தக் கடையிலயும் கை வைக்க விடாதீங்க."

அரையாண்டு விடுமுறை நேரம். திண்டுக்கல்லிலிருந்து ஒரு டீச்சரும் அவருடைய கணவரும் வந்தார்கள். டீச்சர் வருடா வருடம் வந்து என் கடையில் சைக்கிள் எடுப்பவர், தைரியசாலி. அவர் கணவரும் வாத்தியார்தான். ஆனால் சைக்கிளை ஒரு கடிக்கிற நாயைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

"வத்தலக்குண்டு வரைக்கும் போகணுமா? இந்தா இருக்கு ஏரி, அழகா ஒரு சுத்து சுத்திட்டு வருவோமே" என்றார் அவர்.

"ஏரியைப் போன வருசம் சுத்தியாச்சு, அதுக்கு முந்தின வருசமும் சுத்தியாச்சு. நீங்க வாங்க பேசாம" என்றார் டீச்சர்.

இந்த வழக்கை நான் ரசித்துக் கேட்டுக்கொண்டே இரண்டு கியர் சைக்கிளையும் துடைத்தேன். தரையிலிருந்து தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன், நின்றது. வழக்கமான வசனத்தையும் சொன்னேன். இருவரும் மூடுபனிக்குள் மணியடித்துக்கொண்டு போனார்கள். கையசைத்தேன்.

இருபது நிமிடம் கழித்து அதே கையோடு துடைத்து வைத்திருந்த மூன்றாவது கியர் சைக்கிளை ஷெட்டிலிருந்து முன்பக்கம் கொண்டுவந்தேன். அங்கே ஒரு சின்னச் சரிவு உண்டு, உங்களுக்கே தெரியும். தள்ளிக்கொண்டு வரச் சோம்பல்பட்டு ஏறி உட்கார்ந்தேன். சரிவின் முடிவில் மக்காச்சோள வண்டி நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் நிற்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தேன். கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அது மரியாதையாகப் போய் மக்காச்சோள வண்டியில் முட்டியது.

"ஏண்ணே, கண்ணு தெரியலையா?" என்றார் வண்டிக்காரர்.

தெரிந்தது. அப்போதுதான் தெரிந்தது. பிரேக் கேபிளைப் பார்த்தேன், விறைப்பாகத்தான் இருந்தது. டிஸ்க்கில் விரலை வைத்து மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய். பிறகு தோளில் கிடந்த பனியன் வேஸ்ட்டைப் பார்த்தேன்.

ரிம்மை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடைக்கிற கை அன்றைக்கும் தவறாமல் தன் வேலையைச் செய்திருந்தது. இந்தச் சைக்கிளில் பிரேக் ரிம்மில் இல்லை, சக்கரத்தின் நடுக்குடத்தை ஒட்டிய தட்டில் இருக்கிறது என்பது மூளைக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை. அதுவரைக்கும் அந்த நாலும் புதுசு, வெறும் துணியால் தூசி தட்டுவதோடு சரி, அன்றைக்குத்தான் முதல் தடவையாக எண்ணெய்த் துணி பட்டது. ராத்திரிப் பனியில் தட்டில் லேசாகப் பழுப்பு பூத்திருக்கும், அதைப் பார்த்ததும் கை இன்னும் கொஞ்சம் அக்கறையாகத் துடைத்திருக்கும். அந்தரத்தில் சுற்றுகிற சக்கரம் எண்ணெய் பட்ட பிரேக்குக்கும் நின்றுவிடும். மேலே ஒரு ஆள் உட்கார்ந்து, கீழே மலை இறங்கினால் நிற்காது.

பெருமாள்மலை வரைக்கும் பயமில்லை. விடுமுறை நாள், மேலே ஏறி வருகிற கார்கள் வரிசை கட்டி நிற்கும், மெதுவாகத்தான் போக முடியும். அதைத் தாண்டினால் வளைவுக்கு வளைவு இறக்கம், எதிரே பஸ், ஒரு பக்கம் பள்ளம். டீச்சருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் அதே.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நம்பர்தான். பெருமாள்மலை பஞ்சர் கடை. பெடல் விஷயத்தன்று அந்தம்மா, "எப்பவாவது ஆகும்ணே, வச்சுக்கங்க" என்று சொல்லிக் கொடுத்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"தங்கச்சி, என் கடை சைக்கிள் ரெண்டு இறங்கி வருது. ஒரு டீச்சர், ஒரு சார். வெரசா நிறுத்து."

"நிறுத்துறேன். என்னண்ணே கோளாறு?"

இதுதான் அந்த மீதிப் பாதி. பதில் என் தொண்டைக்குள் தயாராக இருந்தது. டிஸ்க்கில் எண்ணெய் தடவிவிட்டேன் என்று மூன்றே வார்த்தை. ஆனால் யாரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் என் பெடலைப் பற்றிச் சொன்னவரிடம். வாய் தானாகவே வேறு சொன்னது.

"ஒண்ணுமில்ல, கேபிள் கொஞ்சம் லூசு. டைட் பண்ணி அனுப்பு, போதும்."

"கேபிள் மட்டும்தானா? வேற எதுவும்..."

லைன் அறுந்தது. அவ்வளவுதான், அதன் பிறகு கிடைக்கவே இல்லை. விடுமுறைக் கூட்டத்தில் நம் ஊர் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் நான் செய்த காரியம் உறைத்தது. எண்ணெயாவது தெரியாமல் பட்டது. இந்தப் பொய் தெரிந்தே சொன்னது, இதுதான் அதைவிட மோசம். அந்தம்மா நான் சொன்னதை நம்பிக் கேபிளை முறுக்குவார். பிடி கல்லு மாதிரி இறுகும். டீச்சர் அழுத்திப் பார்த்துவிட்டு, அடடா இப்போது நன்றாக இருக்கிறதே என்று கூடுதல் தைரியத்தோடு இறங்குவார். பிரேக் சரியில்லை என்று சந்தேகப்படுகிற கொஞ்ச வாய்ப்பையும் நான் போன் போட்டுக் கெடுத்துவிட்டேன்.

மொபெட்டை எடுத்தேன். அந்த ஓட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. கார்களுக்கு நடுவில் புகுந்தேன், திட்டு வாங்கினேன், வெள்ளி அருவி வளைவில் ஒரு வேன்காரர் என் குடும்பத்தையே விசாரித்தார். டீச்சரின் கணவர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று கெஞ்சியதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் கூட்டம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

பெருமாள்மலையில் கூட்டம் நின்றது.

மொபெட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கூட்டத்தை விலக்கிப் பார்த்தால், நடுவில் டீச்சர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார், முழுசாக. அவர் கணவர் பக்கத்து டீக்கடை பெஞ்சில் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறார், இவரும் முழுசாக. சைக்கிள் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன, நாலு டயரிலும் காற்று இல்லை. பஞ்சர் கடைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

என்னைப் பார்த்ததும் டீச்சர் வெடித்தார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க! இந்தம்மா நடு ரோட்டுல நின்னு கையைக் காட்டி நிறுத்துறாங்க. நீங்க போன் பண்ணுனீங்களாம். வழியில யாரையும் கை வைக்க விடாதீங்கன்னு சொல்லி அனுப்புன மனுசன் எதுக்கு இவங்களுக்குப் போன் பண்ணப் போறாரு? இவரு டீ குடிக்கணும்னாரு, சரின்னு அந்தப் பக்கம் போனோம். அதுக்குள்ள பிரேக்குல எண்ணெயைத் தடவி வச்சுட்டு, எண்ணெய் இருக்கு போகக் கூடாதுங்கிறாங்க. போவேன்னு சொன்னதுக்கு நாலு சக்கரத்துலயும் காத்தைப் புடுங்கி விட்டுட்டாங்க. யாவாரம் பண்றதுக்கு இப்படியும் ஒரு வழியா? நான் ஸ்டேஷனுக்குப் போறதா இருக்கேன்."

கூட்டத்தில் ஒருவர், ரோட்டில் ஆணி போடுகிற கடைகள் பற்றித் தனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டார். இன்னொருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கேபிளை ஏன் முறுக்கவில்லை என்று அப்போதே புரிந்தது. தொட்டுப் பார்த்திருக்கிறார், அது விறைப்பாக இருந்திருக்கிறது. இறங்குகிற வண்டிகளின் பிரேக் வாசனையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர், டிஸ்க்கை ஒரு தடவை மோந்தால் போதும். அது என் கடைக் கலவை என்பதும் தெரிந்திருக்கும். "அவரு தடவுனது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பேச்செல்லாம் அவருக்குத் தேவையே இல்லை. சொல்லவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்கூட இல்லை, ஆனால் நினைத்தேன். ஆட்கள் பிழைத்துவிட்டார்கள். பழி வேறு இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்துவிட்டது. "சரி விடுங்க டீச்சர், நான் பாத்துக்கிறேன்" என்று பெரிய மனுசன் மாதிரி முடித்துவிட்டால் என் கடைப் பெயர் அப்படியே மின்னிக்கொண்டிருக்கும். வீடியோ வேறு ஓடுகிறது. அந்த நினைப்பு வந்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"டீச்சர், காத்தைப் புடுங்குனது அவங்கதான்" என்றேன். "எண்ணெய் தடவுனது நான். காலையில உங்க கண்ணு முன்னாடியே தடவுனேன், நீங்களும் சாரும் பேசிட்டு இருந்தப்ப. இந்தப் பிரேக்கோட கீழ இறங்கியிருந்தீங்கன்னா..." இறக்கத்தின் பக்கம் கையைக் காட்டினேன்.

டீச்சர் குனிந்து டிஸ்க்கைத் தொட்டார், விரலை மோந்தார், என் தோளில் இன்னும் கிடந்த பனியன் வேஸ்ட்டை எட்டி எடுத்து அதையும் மோந்தார். பரீட்சைத்தாளில் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கிற ஆள் அல்லவா. பிறகு அந்தம்மா பக்கம் திரும்பி, "தெரியாமப் பேசிட்டேம்மா, மனசுல வச்சுக்காத" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். நீங்க போறேன்னு ஒத்தக்கால்ல நின்னீங்க, எனக்கு வேற வழி தெரியல" என்றார் அந்தம்மா.

"நான் அப்பவே சொன்னேன், ஏரியைச் சுத்துவோம்னு" என்றார் பெஞ்சிலிருந்து சார், பஜ்ஜியை மென்றபடி. கூட்டம் சிரித்தது. வீடியோ எடுத்தவர் சப்பென்று போய்விட்டதே என்று போனைப் பாக்கெட்டில் போட்டார்.

டிஸ்க்கைப் பிடிக்கிற பிரேக் பேடு எண்ணெய் குடித்துவிட்டால் அதைத் துடைத்து மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். புதுப் பேடு அங்கே இல்லை, வத்தலக்குண்டு கடையில் இருந்தது. சற்று நேரத்தில் பூண்டி மினி லாரி வந்தது. கேரட் மூட்டைகளுக்கு மேல் சைக்கிள் இரண்டையும் படுக்க வைத்தோம். டீச்சரும் சாரும் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். டீச்சருக்கு ஜன்னல் ஓரம், சாருக்கு வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான மலை இறக்கம்.

லாரி கிளம்புவதற்கு முன்னால் பஞ்சர் கடைக்காரம்மா உள்ளே போய், டியூப் வந்த மஞ்சள் அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, ஒரு பேனாவோடு என்னிடம் நீட்டினார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "எழுதுங்கண்ணே. நடந்தது என்னமோ அத எழுதுங்க. இல்லாட்டி வத்தலக்குண்டு கடையில இருக்கிறவனும் கேபிளப் பிடிச்சு முறுக்கிட்டு உக்காந்திருப்பான்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அந்தப் போனைப் பற்றி ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

எழுதினேன். "டிஸ்க்கில் எண்ணெய் பட்டுவிட்டது. தடவியது நான். பேடு மாற்றவும். கேபிள் சரியாக இருக்கிறது, தொட வேண்டாம்." வாங்கிப் படித்துவிட்டு, சணலில் கோத்து, லாரியில் ஏறி ஹேண்டில்பாரில் அவரே கட்டினார்.

முதல் மஞ்சள் அட்டை அதுதான். மறுநாளிலிருந்து ஒவ்வொரு சைக்கிளுக்கும் எழுதத் தொடங்கினேன். எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன், எங்கே கிரீஸ் வைத்தேன், எதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது என்று எல்லாம். பார்த்துப் பார்த்து ஏரிக்கரையில் மற்றக் கடைகளும் பிடித்துக்கொண்டன. உங்கள் சைக்கிளை நாளைக்கு வேறொரு கடைக்காரர் திறந்து பார்க்கப்போகிறார். உங்கள் கை எங்கெங்கே போனது என்று அவருக்குத் தெரிந்தால்தான் அவர் கை சரியான இடத்துக்குப் போகும். அதை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். சிக்னல் இல்லாத வளைவில் அது யாருக்கும் உதவாது. சிக்னல் இருந்தபோதும் நான் என்ன பேசினேன் என்று மேலே படித்துவிட்டீர்கள்.

அட்டையின் கடைசி வரியில் பெருமாள்மலைக் கடை நம்பர் ஏன் இருக்கிறது என்றும் சிலர் கேட்டீர்கள். அது நானே சேர்த்தது. பழைய வசனத்தை விட்டுவிட்டு, எல்லாரும் அங்கே ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று வைத்தேன்.

அடுத்த வருடமும் டீச்சர் வந்தார். சார் வரவில்லை, தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அட்டையை விடைத்தாள் மாதிரி ஒரு வரி விடாமல் படித்தார். "இந்தத் தடவை அங்க நிக்கணுமா?" என்று கேட்டார்.

"கட்டாயம் நில்லுங்க டீச்சர்."

போனார்கள். ஏரிக்கரையில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அந்தம்மா கூப்பிட்டார்.

"அண்ணே, ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டேன். கார்டுல எழுதியிருக்கிறதுதான் சைக்கிள்லயும் இருக்கு. அனுப்பவா?"

"அனுப்பு தங்கச்சி" என்றேன்.